தங்கவயல் உறவுகள் குழு: மேட்டு மண்ணை மறுபடி எங்கே கொட்டுவார்கள்?

மாமா (பெங்களூரு): அனைவருக்கும் வணக்கம். நம் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனிலேயே ஒப்புதல் அளித்திருக்கிறது. 13 மேடுகள், ஏறத்தாழ 1,003 ஏக்கர், 3 கோடியே 30 லட்சம் டன் மண். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியதிலிருந்து விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு இனியாவது ஊரிலேயே வேலை கிடைக்கட்டும்.

அக்கா (ஆண்டர்சன்பேட்டை): வேலை வரட்டும் மாமா, யார் வேண்டாம் என்றார்கள்? நேற்று மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினேன், சாம்பல் நிற மாவு கொட்டியது. மூடி வைத்த குழம்பும் பல்லில் நறநறக்கிறது. சும்மா கிடக்கிற மேட்டுக்கே ஆடிக் காற்றில் இந்தக் கதி என்றால், பொக்லைன் விட்டுக் கிளறும்போது என்ன ஆகும்?

தம்பி (ஓசூர்): அந்தத் தூசியில் சயனைடு இருக்குமா, பெரியப்பா? பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அனுப்பவே யோசனையாக இருக்கிறது.

பெரியப்பா: சுரங்க மில்லில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தபின் மிஞ்சிய கூழைத்தான் அங்கே கொட்டினோம். வெயிலிலும் காற்றிலும் சயனைடு பெரும்பாலும் சிதைந்துவிடும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அஞ்சுவது சிலிக்காவுக்கு. அந்த நுண்தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் தழும்பு ஆறுவதில்லை. தாத்தா சுரங்கத்துக்குள் சுவாசித்து இருமியதும் இதே பாறையின் தூசிதான். கந்தகக் கனிமங்கள் உள்ள இடத்தில் மழைநீர் அமிலமாகி, உலோகங்களையும் கரைத்துக்கொண்டு இறங்கும்.

மாமா: அப்படியானால் மேட்டை அகற்றுவது நல்லதுதானே, அண்ணா?

பெரியப்பா: எங்கே அகற்றுகிறார்கள்? ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் தங்கம்கூட இல்லை. பத்து டன் லாரியில் ஒரு சவரன் தேறினால் அதிகம். மற்றதெல்லாம் புதிதாகச் சயனைடில் குளித்துவிட்டு, முன்னைவிட நொய்யாகத் திரும்பி வரும். அந்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், கீழே நீர் இறங்காத விரிப்பு போடுவார்களா, மேலே நல்ல மண்ணைப் பரப்பிப் புல் வளர்ப்பார்களா, நிறுவனம் போனபின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

தம்பி: சுரங்கத்தை மூடும் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் நம் நாட்டில் 2003இல்தான் கட்டாயமாயின. நம்முடையது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது! பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று சுரங்கக் கழிவு அணை உடைந்து, அடிவாரத்தில் இருந்த தொழிலாளர் உணவகத்தையே சேறு மூடியது. 270 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, 2020இல், கழிவுத் தேக்கங்களுக்கு உலகளாவிய தரநிலை வந்தது. பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விவரங்களைச் சொல்லி, முடிவெடுப்பதில் அவர்களையும் சேர்க்க வேண்டும் என்கிறது அது.

அக்கா: அங்கே சேறு ஒரே நாளில் வந்தது, இங்கே தூசி தினமும் வருகிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் கொடுக்க ஒரு மனு எழுதித் தாருங்கள், பெரியப்பா. தெருவில் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

மாமா: உள்ளூர் ஆட்களுக்கே வேலை என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

பெரியப்பா: சேர்க்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை என்பதையும் கூடவே எழுதுகிறேன். மகளே, அடுத்த மழைக்கு மறுநாள் மேட்டடிக்குப் போய், தண்ணீர் அரித்த ஓடை எந்தத் தெருவுக்குள் இறங்குகிறது என்று படம் எடுத்து அனுப்பு; மனுவோடு இணைக்க வேண்டும்.