மறு: பிளவுச் சாளரமா, பாத்தியா?

வணக்கம்.

எடிட்டர் மொழிபெயர்ப்பில், திரையைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பிளிட் விண்டோவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது: 'பிளவுச் சாளரம்' வேண்டாம். பிளவு என்றதும் கட்சிப் பிளவு, பாறைப் பிளவு என்று உடைந்துபோன ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. சாளரத்திலும் சிக்கல் உண்டு. ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் விண்டோ என்றால் உள்ளே இருக்கும் ஒரு பகுதி மட்டும்தான். நாம் சாளரம் என்கிற முழுப் பெட்டிக்கு அங்கே ஃபிரேம் என்று பெயர். அப்படியென்றால் எதைச் சாளரம் என்று எழுதுவது?

'பாத்தி' என்று வைக்கலாம்.

நிரலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற வேண்டும், அதை எங்கெல்லாம் அழைத்திருக்கிறார்கள் என்று விம் என்ற எடிட்டருக்குள்ளிருந்தே கிரெப் என்ற தேடல் கட்டளையை ஓட்டிவிட்டு, கிடைத்த இடங்களைக் காட்டும் குவிக்ஃபிக்ஸ் பட்டியலைத் திறக்கிறேன். கீழே பத்து வரி உயரத்துக்கு ஒரு பகுதி பிரிகிறது; ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர், வரி எண், அந்த இடத்து நிரல். ஒன்றின்மேல் என்டர் தட்டினால் மேலே அந்தக் கோப்பு சரியாக அதே வரியில் வந்து நிற்கிறது, பட்டியல் கீழே அப்படியே இருக்கிறது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்றைப் பிரித்து ஃபங்ஷனின் வரையறையையும் கண்முன் வைத்துக்கொள்கிறேன். ஒரே வயலை வேண்டியபடி வரப்பு போட்டுப் பிரித்த மாதிரிதானே இது? நடுவில் ஓடும் கோட்டுக்கு 'வரப்பு' என்ற பெயரும் கூடவே கிடைத்துவிடுகிறது.

சொல்லும் பழையது, குறள் 465-லும் 718-லும் இருக்கிறது. பகு என்ற வேரோடு உறவுள்ளது. 'பாத்தி கட்டு' என்று வினையும் தயாராக இருப்பதால் கட்டளைக்குத் தனியாகச் சொல் தேட வேண்டாம்.

கிடைமட்டம், செங்குத்து இரண்டையும் தயவுசெய்து தவிர்ப்போம். விம்மில் வெர்ட்டிகல் ஸ்பிளிட் என்றால் பக்கத்தில் பக்கத்தில். ஈமாக்ஸில் பழைய பெயர்ப்படி வெர்ட்டிகல் என்றால் ஒன்றன்கீழ் ஒன்று. ஒரே சொல், நேர் எதிரான பொருள்! பிரிக்கும் கோட்டின் திசையைச் சொல்கிறார்களா, பகுதிகள் அடுக்கிய திசையைச் சொல்கிறார்களா என்பதில் வந்த குழப்பம். ஈமாக்ஸ்காரர்களே பிறகு 'கீழே', 'வலப்பக்கம்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். நாம் முதலிலேயே கீழ்ப்பாத்தி, பக்கப்பாத்தி என்று எழுதலாம்.

ஒரே கோப்பை இரண்டு பாத்தியில் திறக்கலாமே, ஒரே பயிர் இரண்டு இடத்திலா என்று கேட்கலாம். பாத்தி என்பது திரையில் உள்ள இடம் மட்டும்தான். அதில் தெரிகிற பஃபருக்கு, அதாவது எடிட்டர் நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்பின் உள்ளடக்கத்துக்கு, 'இடையகம்' என்ற சொல் இருக்கிறது, பாத்தியை மூடினாலும் இடையகம் போய்விடாது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: பத்தி. எடிட்டர் கையேட்டில் பத்தி, பாத்தி இரண்டும் அடுத்தடுத்து வரும், ஒரு துணைக்கால் விட்டுப்போனால் பொருளே மாறிவிடும். 'அடுத்த பாத்திக்குப் போ', 'மற்றப் பாத்திகளை மூடு' என்று இரண்டு மூன்று கட்டளைகளை மொழிபெயர்த்துப் பார்த்தேன், படிக்க நன்றாகவே இருக்கிறது. தட்டச்சுப் பிழைக்குப் பயந்து இதைக் கைவிட மனமில்லை. உங்களுக்கு எப்படிப் படுகிறது, சொல்லுங்கள்.