புதுப்பிப்பு: ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை, முடிவு வந்துவிட்டது

ஆப்பிளைக் கடித்தால் மகளுக்கு வாய் அரிக்கிறது, வசந்த காலத்தில் தும்மல் நிற்பதில்லை, ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தவும் முடியவில்லை. எந்தப் பரிசோதனை செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

தோல் பரிசோதனைக்குப் பதிலாக ரத்தத்தில் ஐஜிஇ என்ற, ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அவள் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின் வகை ஒவ்வாமை மாத்திரை தோல் பரிசோதனையின் முடிவை மறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையைப் பாதிக்காது. மாத்திரையை நிறுத்தாமலேயே ரத்தம் கொடுத்தாள்.

பிர்ச் என்ற மரத்தின் மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ அளவு மிக அதிகம். அதிலுள்ள பெட் வி 1 புரதத்தைப் போன்ற ஒன்று ஆப்பிளிலும் இருப்பதால்தான் அந்த அரிப்பு. சூட்டில் அது சிதைந்துவிடுமாம். வேகவைத்த ஆப்பிளை இப்போது நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

எதிர்பாராதது வேர்க்கடலை. லிட்டருக்கு 0.35 கிலோயூனிட் என்ற வழக்கமான வரம்பை அதற்கான ஐஜிஇ அளவு தாண்டியிருந்தது. அவளோ சிறு வயதிலிருந்தே எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேர்க்கடலை சாப்பிடுபவள்! அறிக்கையைப் பார்த்ததும் பதறிப்போனேன். மருத்துவர் புரதங்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார். கடுமையான எதிர்வினையோடு தொடர்புடைய அரா எச் 2 புரதத்துக்கு எதிர்ப்பொருள் இல்லை. பிர்ச் புரதத்தை ஒத்த அரா எச் 8 புரதத்துக்கு மட்டுமே இருந்தது. வேர்க்கடலையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தயவுசெய்து, அறிக்கையில் உள்ள அளவை மட்டும் பார்த்து எந்த உணவையும் விலக்கிவிடாதீர்கள்.

ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அது உதவாது.