மறுமொழி: கலைச்சொல் வேண்டும் – ‘யூஸ்டு கிளாத்திங்’ (இணைய ஏல வழிகாட்டிக்காக)

நண்பர்களுக்கு வணக்கம்.

இணைய ஏலத்தில் பழைய உடைகளை முதன்முதலாக விற்கப் போகிறவர்களுக்காக ஒரு சிறு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். அதற்காகத்தான், ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திய உடையை (‘யூஸ்டு கிளாத்திங்’) தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று போன வாரம் குழுவில் கேட்டேன். வந்த பரிந்துரைகளை எல்லாம் கையேட்டின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். அகராதியில் நன்றாக இருந்த சில சொற்கள் வாக்கியத்தில் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

> “பழைய துணி” என்றே சொல்லலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். என்ன புரியும் என்பதுதான் சிக்கல். பழைய துணி என்றதும் நமக்குத் தோன்றுவது கரித்துணியும் தரை துடைப்பதும். இரண்டே முறை போட்டு, அளவு சேராமல் மடித்து வைத்த கம்பளிச் சட்டையை அந்தப் பெயரில் ஏலத்துக்கு விட முடியாது. மேலும், பழமை வேறு, பயன்பாடு வேறு. பத்தாண்டு பெட்டியிலேயே கிடந்த சட்டை பழையது, ஆனால் யாரும் போடாதது. சென்ற மாதம் வாங்கி நாள்தோறும் போட்ட சட்டை பழையதல்ல, ஆனால் நைந்திருக்கும்.

> “முன்பு நேசிக்கப்பட்ட உடை” – இப்போது ஆங்கிலத்தில் ‘ப்ரீ-லவ்டு’ என்கிறார்கள், அழகாக இருக்கிறது.

இதை நான் ஏற்கவே மாட்டேன். விற்பவருக்கு அந்த உடைமேல் இருந்த அன்பு வாங்குபவருக்கு எதையும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது காலர் மடிப்பு தேய்ந்திருக்கிறதா, அக்குளில் கறை இருக்கிறதா என்பது. தொட்டுப் பார்க்க வழியில்லாத இடத்தில் சொல்தான் கை. அந்தச் சொல் எதையும் மறைக்கக் கூடாது.

> “உடுத்த உடை” – எளிமை, சுருக்கம், தூய தமிழ்.

எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. ஆனால் ‘உடுத்த துணியோடு வெளியேறினார்’ என்றால் அப்போது உடலில் இருந்த துணியோடு என்று பொருள். ‘சிவப்புச் சட்டை அணிந்தவர்’ என்றால் இப்போது அணிந்திருப்பவர். அணிதலைக் குறிக்கும் நம் வினைகள் இறந்தகாலப் பெயரெச்சத்தில் வந்தாலும் நிகழும் நிலையையே காட்டுகின்றன. உடுத்து முடித்துவிட்டோம் என்பதைச் சொல்ல இன்னொரு வினை தேவைப்படுகிறது. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் திருமாலைப் பார்த்து “உடுத்துக் களைந்த நின் பீதக ஆடை” என்று பாடும்போது ‘களைந்த’ என்று சேர்த்திருப்பதைப் பாருங்கள். இன்னொருவர் உடுத்ததை வாங்கி உடுத்துவதைப் பெருமையாகச் சொல்லும் இடம் அது. நான் தேடியதில் இவ்வளவு மரியாதையோடு இந்தப் பொருளைக் குறிக்கும் வேறு தொடர் கிடைக்கவில்லை. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். ஆனால் இன்றைய வழக்கில் களைந்த துணி என்றால் துவைக்கப் போட்ட துணி. துவைத்து, காயவைத்து, தேய்த்து அனுப்பும் உடைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மனமில்லாமல்தான் விட்டேன்.

> “மறுகை உடை”, ‘செகண்ட் ஹேண்ட்’ என்பதற்கு நேர்.

நேராக இருப்பதுதான் அதன் குறை. நாம் ‘இரண்டு கை மாறிய வண்டி’ என்று சொல்கிறோம், அது இயல்பான வழக்கு. ‘மறுகை’ அப்படி யார் வாயிலும் இல்லை. ‘கைமாறிய உடை’ என்று வைத்தாலோ, ஏலத்துக்கு விடும் வேளையில் உடை இன்னும் கை மாறவே இல்லை. விற்பவர் தன் சொந்தச் சட்டையை அல்லவா விற்கிறார்?

ஆகவே என் பரிந்துரை: புழங்கிய உடை.

புழங்கிய பாத்திரம், புழங்கிய அறை என்று சொல்கிறோம். ஒரு பொருள் ஒருவர் வாழ்க்கைக்குள் இருந்தது என்ற பொருள் அதில் இருக்கிறது, இழிவு இல்லை. ‘பயன்படுத்தப்பட்ட ஆடைகள்’ என்ற அறிவிப்புப் பலகை நடையும் இல்லை. அளவு காட்டவும் வசதி: புழங்காதது, அரிதாகப் புழங்கியது, நன்றாகப் புழங்கியது. இதைச் சுருக்கி ‘புழங்குடை’ ஆக்கலாம் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வினைத்தொகை ஆனதும் மூன்று காலமும் வந்துவிடும். அன்றாடம் வீட்டில் போடும் உடை என்று படிக்க இடம் தரும். பெயரெச்சமாகவே இருக்கட்டும்.

வாங்கிப் பிரிக்காமலே விற்கும் உடையை இதில் அடக்க முடியாது என்பது உண்மை. அதற்கும் சேர்த்துப் பொதுத் தலைப்பாக ‘மறுவிற்பனை உடை’ போதும். நாம் ஒரே சொல்லில் இரண்டு செய்திகளைத் திணிக்கப் பார்த்தோம், அதனால்தான் இத்தனை நாள் இழுத்தது. புத்தம் புதியதற்குக் ‘கோடி’ என்ற அருமையான சொல் உண்டு. ஆனால் அதன்மேல் துக்க வீட்டின் நிழல் விழுந்துவிட்டது, எண்ணோடும் குழம்பும். ‘புழங்காதது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தரச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற விவரத்தை நம்பி நான் ஒருமுறை வாங்கிய கம்பளிச் சட்டையின் கைப்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன நூலுருண்டைகள். விற்றவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் சொல்லச் சொல் இல்லை. பொருளியலாளர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதியது இங்கே அப்படியே பொருந்துகிறது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். ‘நல்ல நிலை’ என்று எல்லோரும் எழுதினால், உண்மையிலேயே நல்ல உடைக்குத்தான் இழப்பு.

துணியின் குறைகளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மங்கல் என்பது நிறம் மட்டும் தணிவது. வெளிறல் என்பது வெயில் பட்ட இடம் மட்டும் வெளுப்பது. நைதல் என்பது கிழிவதற்கு முந்திய நிலை: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முழங்கையிலும் தொடை உட்புறத்திலும் இழை விலகித் தெரியும். கழுத்துப் பட்டை தொய்ந்திருக்கலாம், தையல் விட்டிருக்கலாம், ஓர் இழை மட்டும் இழுபட்டு நிற்கலாம். இவற்றைக் கையேட்டில் அப்படியே பயன்படுத்துகிறேன். புதிதாகச் சொல் தேவைப்பட்டது அந்த நூலுருண்டைகளுக்குத்தான், ஆங்கிலத்தில் ‘பில்லிங்’. உராய்வில் குட்டை இழைகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கி உருள்வதால் உண்டாவது இது. பருத்தியில் திரண்டாலும் நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர், அக்ரிலிக் கலந்த துணியில் இழை வலுவானதால் உதிராமல் தங்கிவிடும். உருண்டு கட்டியான பொருளைக் குறிக்கத் ‘திரளை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘இழைத்திரளை’ என்று பெயர். கறை விழுந்தது போல, ‘திரளை விழுந்திருக்கிறது’ என்று வினை.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பியர் ஒமிடியார் 1995இல் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விலைபோன பொருள் ஒரு பழுதான லேசர் சுட்டி, 14.83 டாலருக்கு. பழுதானது என்று தெரியுமா என்று அவர் கேட்டபோது, பழுதான சுட்டிகளைத்தான் சேர்க்கிறேன் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். தையல் விட்ட கோட்டைத் தேடி வாங்கித் தைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், சொன்னால்தான் அவர்கள் கண்ணில் படும்.

ஏலச் சொற்களில் மூன்று மட்டும் மீதம். ‘ஏலம்’ என்பதே போர்த்துகீசிய ‘லெய்லாவ்’ வழியாக வந்தது. வந்த சொல்லையே நாம் விடவும் கேட்கவும் எடுக்கவும் பழகிவிட்டோம், அதனால் ‘பிட்’ (ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலை) என்பதற்குக் கேட்பு இயல்பாக வருகிறது.

‘ரிசர்வ் பிரைஸ்’ என்பதற்கு ‘ஒதுக்கு விலை’ என்றார்கள். எதையும் ஒதுக்கவில்லையே. இதற்குக் கீழே போனால் விற்கத் தேவையில்லை என்று விற்பவர் மனத்துக்குள் வைத்திருக்கும் விலை அது. அந்த இடத்தில் எந்த விற்பனையாளரும் சொல்வது ‘கட்டுப்படியாகாது’. எனவே கட்டுப்படி விலை. தொடக்க விலை எல்லோருக்கும் தெரியும், கட்டுப்படி விலை தெரியாது என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும். இந்தச் சொல் கிடைத்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

கடைசியாக ‘ஸ்னைப்பிங்’. வாய்மொழி ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்ற பின்னும் யாராவது கேட்டால் மீண்டும் முதல் தரத்திலிருந்து தொடங்கும். நேரம் குறித்த இணைய ஏலத்தில் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது, ஆகவே கடைசி நொடிவரை காத்திருந்து கேட்பவர்கள் உண்டு. ஈபேயில் முடிவு நேரம் மாறாது. அமேசான் அந்நாளில் நடத்திய ஏலங்களில் இறுதியில் கேட்பு வந்தால் பத்து நிமிடம் நீளும். இரண்டையும் ஒப்பிட்டுப் பொருளியலாளர்கள் அல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, நேரம் மாறாத இடத்தில்தான் இந்தப் பழக்கம் மிகுதி என்று காட்டியது. கடைநொடிக் கேட்பு என்று வைத்திருக்கிறேன். முதல்முறை விற்பவர் இரண்டு நாள் கேட்பே வராததைக் கண்டு கலங்கி ஏலத்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சொல்லைக் கையேட்டின் முதல் பக்கத்தில் சேர்த்தேன்.

‘இழைத்திரளை’ பற்றித்தான் எனக்கு இன்னும் உறுதி இல்லை. நெசவோ பின்னலோ தையலோ தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், உங்கள் பட்டறையில் அந்த உருண்டைகளை என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பேச்சில் உள்ள சொல் ஒன்று கிடைத்தால் என்னுடையதை உடனே நீக்கிவிடுகிறேன்.

அன்புடன்