ஐயாவின் ஜாதக ஓலையில் உள்ள நாழிகையை மணியாக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டைச் சுத்தம் செய்தபோது இரும்புப் பெட்டியில் ஐயாவின் ஜாதக ஓலை கிடைத்தது. பகுதானிய வருடம், தை மாதம், அதாவது 1939. பிறந்த நேரம் ‘உதயாதி நாழிகை 12, விநாடி 35’ என்று இருக்கிறது.

என் மகள் விநாடியை இன்றைய நொடி என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் ஓலையின் விநாடி விநாழிகைதான், அது 24 நொடி. ஒரு நாள் 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். அப்படிப் பார்த்தால் 12 நாழிகை 4 மணி 48 நிமிடம், 35 விநாடி 14 நிமிடம். ஆக உதயத்திலிருந்து 5 மணி 2 நிமிடம். அவள் கணக்கில் 13 நிமிடத்துக்கு மேல் குறைந்துவிட்டது. லக்னம் பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, இப்போது என் சிக்கல் உதயம்தான். அன்றைய காரைக்குடி சூரிய உதயத்தை எடுப்பதா, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் உதயத்தை எடுப்பதா? அந்தக் கால ஓலை எழுதிப் பழகியவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அப்பத்தா இருக்கும்போதே சரியான மணியைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை.