மேட்டில் சூடேறும் கார்: குரூகருக்குள் போகலாமா?

வணக்கம். நானும் நண்பனும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து முதுகுப்பையும் கூடாரமுமாகக் கிளம்பி இன்று நான்காவது நாள். இப்போது கோல்டன் கேட் பூங்காவின் கிளென் ரீனன் முகாமில் நிற்கிறோம். அடுத்தது குரூகர் வனவிலங்குப் பூங்கா என்பது திட்டம்.

வண்டி 2008 கொரோலா, 1.6 பெட்ரோல், 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. முதல் நாள் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போதே வெப்ப முள் சிவப்பை நெருங்கியது. இறக்கத்தில் தானாகவே இறங்கிவிட்டது. சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை. மேடு வந்தால் மட்டும் அதே கதை. ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டால் முள் இறங்குகிறது, நாங்கள் வேகிறோம்!

ஹாரிஸ்மித்தில் ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மாற்றினார். ரேடியேட்டர் மூடியும் புதிது. விசிறி சுற்றுகிறது. இருந்தும் தினமும் அரை லிட்டர் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறது. இரவு வண்டிக்கடியில் அட்டை விரித்துப் பார்த்தோம், காலையில் ஒரு சொட்டு இல்லை. என்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில், கூலன்ட் கலந்தால் வரும் வெள்ளை நுரையும் இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கூலன்ட் தொட்டியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வருகின்றன. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

குரூகருக்குள் வண்டி நின்றால் கண்ட இடத்தில் இறங்கி பானெட்டைத் திறக்க முடியாது. சிங்கம் வரிசையில் நிற்காது.

அனுபவப்பட்ட அண்ணன்மார் சொல்லுங்கள்: இது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போன அறிகுறிதானா, இல்லை குரூகர் வரை ஓட்டலாமா?