மறு: ஊடாட்டமா, இடைவினையா, முறிவா? (கையேடு வெள்ளியன்று அச்சுக்கு)

தே.:
எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் கையேட்டுக்கு, ஒரு மருந்து இன்னொன்றின் வேலையை மாற்றுவதைச் (drug interaction) சொல்ல ஒரு சொல் வேண்டும். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் எடுப்பவர் ஆஸ்துமாவுக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறார். அந்த ஸ்டீராய்டைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை ரிட்டோனாவிர் முடக்கிவிடுகிறது. வழக்கமாக, இழுக்கும்போது விழுங்கிய பங்கில் 1 விழுக்காடுகூட ரத்தத்துக்குப் போகாது, கல்லீரலே அழித்துவிடும். நொதி முடங்கினால் அதுவும் சேரும், நுரையீரல் வழி போனதும் கழியாமல் தேங்கும். நாளடைவில் முகம் உப்பும், பிடரியில் கொழுப்புத் திரளும், அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோகும். ‘மருந்து முறிவு’ என்று போடலாமா? எல்லோருக்கும் புரியும்.

மு.:
வேண்டாம் அம்மா. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்றால் வீரியம் போய்விடும் என்றுதானே பொருள்? இங்கே நடப்பது நேர் எதிர். முறிவு என்று படித்தவர் இன்ஹேலர் வேலை செய்யாது என்று எண்ணி இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பார். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான லோபினாவிரின் அளவைக் குறைப்பதற்கு வேண்டுமானால் முறிவு பொருந்தும். இரண்டையும் தாங்குவது இடைவினை.

க.:
இடைவினை வேதியியல் பாடநூலோடு நிற்கட்டும். ஊடு என்றால் நடு. ஊடாடுதல், இடையே புகுந்து திரிதல். நொதிக்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று புகுவதை ஊடாட்டம் அப்படியே காட்டுகிறது. மருதத்தின் உரிப்பொருளான ஊடலும் இதே வேர்தான் என்பேன்.

செ.:
இல்லை ஐயா, பிணங்குதலைக் குறிக்கும் ஊடு தனி வினை. அதைப் பிறகு பேசலாம். நோயாளிக்கு ‘மருந்து மோதல்’ போதாதா?

மு.:
மோதல் என்றால் ரிட்டோனாவிரையே நிறுத்திவிடுவார். லோபினாவிர் 400 மி.கி.யுடன் ரிட்டோனாவிர் 100 மி.கி. சேர்ப்பதே இதே நொதியை முடக்கி லோபினாவிரைத் தக்கவைக்கத்தான். அங்கே அது உதவி. இன்ஹேலரையும் திடீரென்று விடக்கூடாது. ஓய்ந்த அட்ரினல் ஈடுகொடுக்காமல் வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று போகும். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசாலின் அளவைக் காலையில் பார்த்து, மருத்துவர்தான் பெக்லோமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மாற்ற வேண்டும். புடெசோனைடு என்ற ஸ்டீராய்டுக்கு மாற்றினால் அதே சிக்கல்தான். மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேயையும் கையேட்டில் சேருங்கள், அதை யாரும் மருந்தென்றே சொல்வதில்லை.

தே.:
நேரமில்லை. க. சொன்ன ஊடாட்டமே, ‘மருந்து ஊடாட்டம்’ என்று தலைப்பில் போகிறது. அடியில்: “ஒரு மருந்து இன்னொன்றின் அளவை உடலில் கூட்டலாம், குறைக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்ஹேலர், ஸ்பிரே எல்லாவற்றையும் மையத்தில் காட்டுங்கள்.”

மு.:
அடிவரி நன்று. தலைப்பில் எனக்கு உடன்பாடில்லை. ‘ஊடாடும் வரைபடம்’ என்று கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் இடைவினையை மீண்டும் எழுப்புவேன்.