பீஃப் ஸ்டேக் கலோரி: பச்சையாக நிறுத்ததா, வெந்த பிறகு நிறுத்ததா? உங்கள் அனுபவம் என்ன?

லாஸ்பேட்டை நைட் ஷிப்ட்

எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி. "டெய்லி கால் கிலோ பீஃப்ண்ணா, 250 கிராம் புரோட்டீன் உள்ள போவுது" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். கறியின் எடையும் புரதத்தின் எடையும் ஒன்று என்று அவன் மட்டும் நினைக்கவில்லை, டம்பெல் தூக்கும் பாதிப் பேருக்கு அதே எண்ணம்தான். கொழுப்பில்லாத பச்சை மாட்டுக்கறியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் புரதம் 20 முதல் 22 கிராம் வரை வரும். மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சுத்தமாகக் கிடையாது. மிச்சம் கொழுப்பு. கணக்கைப் புரட்டிப் போடுவது இந்தக் கொழுப்புதான், ஏனென்றால் புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையைத்தான் பெரும்பாலான மொபைல் ஆப்கள் எடுத்தாள்கின்றன. அதில் ஓரக் கொழுப்போடு இருக்கும் பச்சை சர்லாயின் (மாட்டின் பின்முதுகுத் துண்டு) 100 கிராமுக்கு சுமார் 200 கலோரி. அதே துண்டின் கொழுப்பைச் சீவிவிட்டால் 130 பக்கம் இறங்கிவிடும். ரிப்-ஐ (விலாப் பக்கத்துத் துண்டு) என்றால் உள்ளேயே கொழுப்பு கோடு கோடாக ஓடும், 270, 280 என்று நிற்கும். இப்போது அளவுக்கு வருவோம். 3 அவுன்ஸ் என்பது 85 கிராம், 8 அவுன்ஸ் 227 கிராம். 8 அவுன்ஸ் பச்சைத் துண்டு ஒன்றில், சீவிய சர்லாயின் 295 கலோரியை ஒட்டி, சீவாதது 455, ரிப்-ஐ 620க்கு மேல். மூன்றுக்கும் பெயர் ஸ்டேக். ஆப்பில் 'ஸ்டேக், ஒன்று' என்று தட்டினால் இதில் எதைக் கணக்கில் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்த விவரத்தையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொண்டு நம்ம கறிக்கடை பாயிடம் போனேன்.

"பாய், சர்லாயின் கிடைக்குமா?"

"அதெல்லாம் இங்க ஏது தம்பி? தொடை இருக்கு, நெஞ்சு இருக்கு, அண்டர்கட் வேணும்னா முன்கூட்டியே சொல்லணும், ஓட்டல்காரங்க எடுத்துக்கினு போயிடுவாங்க."

"கொழுப்பு இல்லாம தொடைக்கறி போடுங்க."

"கொழுப்பு இல்லாம என்னாத்த ருசிக்கும்?" என்றார். ஆனால் சீவித்தான் கொடுத்தார். அன்றைக்குத் தொங்கியது எருமை என்றும் சொன்னார். அதே அமெரிக்க அட்டவணையில் கொழுப்பில்லாத எருமைக் கறி 100 கிராமுக்கு 99 கலோரி, புரதம் 20 கிராம், கொழுப்பு ஒன்றரை கிராம்கூட இல்லை. மக்காச்சோளம் தின்று கொழுத்த அமெரிக்க மாட்டின் ரிப்-ஐ கணக்கை நம் ஊர் எருமைத் தொடைக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூடுதலாகக் காட்டும். எடை குறையவில்லை, கூடவில்லை என்று ஆப்பைத் திட்டுவதற்கு முன்னால் கறி எந்த மிருகத்தினுடையது, எந்த இடத்துத் துண்டு என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ட்ரே தூக்கியவன்

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருந்தேன். மெனுவில் '200 கிராம் ஃபில்லே' என்று போட்டிருக்கும். ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த ஜோடி. அந்த ஆள் தோள்பையிலிருந்து சின்ன டிஜிட்டல் தராசை எடுத்து மேசை மேல் வைத்தார். தட்டிலிருந்த துண்டை முள்கரண்டியால் தூக்கி அதில் வைத்தார். 152 காட்டியது.

"200னு போட்டு 150 குடுக்குறீங்களே, இது என்ன நியாயம்?"

உள்ளே போய் செஃப்பிடம் சொன்னேன். அவர் வாதாடவே இல்லை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் துண்டை எடுத்து, அந்த ஆளின் தராசிலேயே வைத்துக் காட்டினார். 204. பிறகு அதையே கல்லில் போட்டு, அவர் கேட்டிருந்த அதே பதத்தில், நன்றாக வேகவிட்டுத் திரும்ப நிறுத்தார். 150 சொச்சம். உணவகங்களில் எழுதும் எடை வழக்கமாகப் பச்சை எடைதான். சூட்டில் தண்ணீரும் கொஞ்சம் கொழுப்பும் வெளியேறி, நான்கில் ஒரு பங்கு எடை போய்விடும். பதம் கூடக்கூட இழப்பும் கூடும். உள்ளே சிவப்பாகவே விட்டால் இவ்வளவு போகாது.

புரதம் எங்கேயும் போகாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 200 கிராம் பச்சையில் இருந்த 40 கிராம் புரதம்தான் அந்த 150 கிராமிலும் இருக்கிறது. அதனால்தான் வெந்த கறிக்கு 100 கிராம் கணக்குப் பார்த்தால் கலோரியும் புரதமும் கூடுதலாகத் தெரியும். பச்சையாக நிறுத்துவிட்டு ஆப்பில் 'வெந்தது' என்று போட்டால் கணக்கு ஏறும், வெந்ததை நிறுத்து 'பச்சை' என்று போட்டால் இறங்கும்.

இன்னொன்று, தட்டில் ஊறும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு "ரத்தம் வருதே" என்று திருப்பி அனுப்புவார்கள். அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்.

தராசுக்காரர் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸையும் மேலே உருகிக்கொண்டிருந்த வெண்ணெயையும் அவர் நிறுக்கவே இல்லை. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. ஃப்ரைஸ் 100 கிராமுக்கு 300க்கு மேல், ஸ்டேக்கைவிட அதிகம்.

மஞ்சக்குப்பம் அடுப்படி

வெண்ணெய் என்றதும் எழுதத் தோன்றியது. கடலூரில் எங்கள் வீட்டில் ஸ்டேக் எல்லாம் கிடையாது. அரைக் கிலோ எருமைக்கறி வாங்கினால் குக்கரில் வைத்து, பிறகு இரும்புச் சட்டியில் சுக்கா. என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காரர். அவருக்குக் கணக்குச் சொல்லவேண்டியது நான். மாமியாரோ சட்டியில் எண்ணெய் மிதந்தால்தான் அதைச் சுக்கா என்று ஒத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை எப்போதும் போலச் சாய்க்காமல், கரண்டியால் அளந்து ஊற்றினேன். நான்கு மேசைக்கரண்டி போனது. அதுவும் மாமியார், "என்ன மருந்தா ஊத்துற?" என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் குறைத்து ஊற்றியது. எந்த எண்ணெயாக இருந்தாலும் மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. நான்குக்கு 480. அரைக் கிலோ கொழுப்பில்லாத எருமைக் கறி மொத்தமே 500 கலோரியை ஒட்டித்தான். அதாவது கறிக்குச் சமமாக எண்ணெய்! அப்புறம் தேங்காய்ச் சில்லு. 50 கிராம் போட்டால் இன்னொரு 175. கடைசியில் 'பீஃப் சாப்பிட்டால் கொழுப்பு ஏறும்' என்று கறியின் மேல் பழி.

குக்கரில் கறி விடும் தண்ணீரைச் சிலர் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள், பி வைட்டமின்களில் கொஞ்சம் அதில்தான் இறங்கியிருக்கும். நெஞ்சுக்கறியாக இருந்து கொழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால், அந்தத் தண்ணீரைப் பிரிட்ஜில் வைத்து மேலே உறையும் வெள்ளை ஏட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைச் சட்டியில் ஊற்றலாம்.

பங்கு பிரிக்க நான் செய்வது இதுதான். கறியைப் பச்சையாக நிறுத்துக் காலண்டர் ஓரத்தில் எழுதிவிடுவேன். சுக்கா முடிந்ததும் சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழிப்பேன். போன வாரம் 500 கிராம் கறி, வெங்காயம், தேங்காய் எல்லாம் சேர்ந்து 480 கிராம் சுக்கா. மொத்தக் கலோரி சுமார் 1,200. அவர் தட்டில் 120 கிராம் வைத்தால் கால் பங்கு, 300 கலோரி, 25 கிராம் புரதம். "கொஞ்சம்தான் சாப்பிட்டேன்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஆட்டுக்கறி லேசு, மாட்டுக்கறி கனம் என்பார்களே, கொழுப்பு சீவிய வெள்ளாட்டுக் கறி 100 கிராமுக்கு 109 கலோரி. எருமை 99. இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "மாட்டுக்கறி சூடு" என்றார். சூட்டுக்கு அட்டவணை இல்லை, விட்டுவிட்டேன்.

லாஸ்பேட்டை நைட் ஷிப்ட்

அக்கா, அந்தக் காலண்டரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். எங்கள் டிரெயினருக்குக் காட்ட வேண்டும்.

சொல்தா வீட்டுப் பேத்தி

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பாதிக் குடும்பம் பாரிஸ் பக்கம். அங்கே சித்தி வீட்டுக்குப் போனபோது சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தது: 'ஸ்டேக் அஷே' என்று கொத்துக்கறியை வட்டமாகத் தட்டி, ஒரு துண்டு 100 அல்லது 125 கிராம் என்று பாக்கெட் போட்டு வைத்திருக்கிறார்கள். முகப்பிலேயே பெரிய எழுத்தில் 5%, 15%, 20% என்று கொழுப்பின் அளவு. 5% என்றால் 100 கிராமுக்கு 130 கலோரியை ஒட்டி, 20% என்றால் 250 பக்கம். பள்ளிக்கூடப் பையன்கூட பாக்கெட்டைப் பார்த்தே சொல்லிவிடுவான். நம் ஊரில் கண்ணால் பார்த்து, வெள்ளை எவ்வளவு சிவப்பு எவ்வளவு என்று மனசில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சித்தப்பா கறியை ரத்தச் சிவப்பாகத்தான் தின்பார். முழுத் துண்டு ஸ்டேக்கில் கிருமி பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருக்கும், கல்லில் பட்டதும் போய்விடும். கொத்துக்கறியில் வெளிப்புறம் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டின் உள்ளே 63 டிகிரி சூடு, இறக்கிய பின் 3 நிமிடம் அப்படியே விட வேண்டும் என்கிறது, கொத்துக்கறிக்கு 71 டிகிரி. அங்கே அவர் எப்படியும் தின்றுகொள்ளட்டும். லீவுக்கு முத்தியால்பேட்டைக்கு வந்தால், வெயிலில் தொங்கிய கறியைச் சிவப்பாகக் கேட்டு அடம்பிடிக்கும்போது அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "இங்க குக்கர்தான்."

அப்பாவின் ஃபைல்

இதுவரை எழுதிய எல்லோரும் புரதத்தைக் கூட்டப் பார்க்கிறீர்கள். எங்கள் வீட்டில் குறைக்க வேண்டிய கதை. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் வரை போகவில்லை. டயட்டீஷியன் ஒரு நாளுக்கு 40 கிராம் புரதம் என்று எழுதிக் கொடுத்தார். 100 கிராம் பச்சைக் கறி சமைத்துச் சாப்பிட்டால் அதிலேயே பாதி காலி. சோறு, பருப்பு, தயிர் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, அதற்கெல்லாம் மீதிப் பாதிதான். இப்போது தீப்பெட்டி அளவுக்கு இரண்டு துண்டு, வாரத்தில் ஒரு நாள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டவர்களுக்கு நேர்மாறாகப் புரதம் கூட வேண்டும் என்பார்கள், ஒருவரின் அளவை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு தடவை ரத்தம் எடுக்கப் போனபோது லேப்பில் இருந்த பெண், "நேத்து ராத்திரி கறி சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். தம்பி பொண்டாட்டி வீட்டு விசேஷம், பிரியாணியோடு பீஃப் வறுவலும் வெளுத்துக் கட்டியிருந்தார். வெந்த கறி நிறையச் சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுப்பொருள்) ஏறிக் காட்டும். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். கிரியேட்டினின் பார்க்கப் போகிறவர்கள் முந்தின ராத்திரி ஸ்டேக் வேண்டாம்.

செம்மண்டலம் டீச்சர்

எனக்கு ஹீமோகுளோபின் குறைவு. "மாட்டு ஈரல் சாப்பிடு" என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு வைத்தியம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பெண்களுக்குச் சொல்லும் இரும்புச்சத்து நாளுக்கு 29 மி.கி. மாட்டுக்கறி 100 கிராமில் 2 மி.கி. அளவுதான், ஈரலில் 5. எண்ணைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் கறியில் இருக்கும் ஹீம் இரும்பைக் கீரை இரும்பைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கூட எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்பும் கொஞ்சம் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். பி12ம் கறியில் தாராளம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருக்கிறது.

அதற்காகத் தினமும் வேண்டாம். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்பு இறைச்சிக்கு வாரம் 350 முதல் 500 கிராம் வரை என்று எல்லை வைக்கிறது. அது வெந்த எடை. வெந்த 500 கிராம் என்பது பச்சையில் 700, 750 கிராமுக்குச் சமம். ஆட்டுக்கறியும் இதே கணக்கில்தான் சேரும்.

ஓ.டி. படகுக்காரன்

எல்லாம் சரி, எலும்போடு வாங்கினால் எப்படிக் கணக்குப் போடுவது?

மஞ்சக்குப்பம் அடுப்படி

சாப்பிட்டு முடித்ததும் எலும்பைப் பொறுக்கித் தராசில் வைத்து, வாங்கிய எடையில் கழித்துவிடுங்கள். எலும்பும் வேகும்போது கொஞ்சம் எடை இழந்திருக்கும், ஆனால் வீட்டுக் கணக்குக்கு அது போதும். நாய்க்குப் போடுவதற்கு முன்னால் நிறுக்க வேண்டும், அவ்வளவுதான்.